02:00:00:00:00:00 என்று போன் சொன்னால்

ஆண்ட்ராய்டு செயலி எழுதப் பழகுகிறவர்கள் பலர் ஓர் இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். போனின் வைஃபை மேக் முகவரியைக் கேட்டு ஒரு வரி எழுதினால் 02:00:00:00:00:00 என்று பதில் வருகிறது. வேறு போனில் ஓட்டிப் பார்த்தாலும் அதேதான். நிரலில் எங்கோ பிழை என்று ராத்திரி முழுக்கத் தேடுவார்கள். பிழை எதுவும் இல்லை. முகவரியைத் தர மறுக்கும்போது போன் சொல்கிற எண் அது.

மேக் முகவரி என்பது வைஃபை சிப்பை அடையாளம் காட்டும், 48 பிட் (0 அல்லது 1) நீளமுள்ள எண். 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் உள்ள குறிகளால் பன்னிரண்டு இடங்களில் எழுதுவார்கள். வழக்கமாக, முதல் ஆறு இடங்கள் தயாரிப்பாளருக்கு, தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு ஒதுக்கிக் கொடுத்தவை. மீதி ஆறைத் தயாரிப்பாளரே சிப்புக்குச் சிப்பு மாற்றிப் போடுகிறார். ஐபி முகவரி நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் மாறும். இது போனோடு பிறந்து போனோடு போகும். வம்பே அங்கேதான்.

வைஃபைக்குப் பாஸ்வேர்டு போட்டால் அனுப்பும் செய்தி பூட்டப்படும், மேக் முகவரி பூட்டப்படாது. கடிதத்தை ஒட்டினாலும் உறைமேல் விலாசம் தெரிந்தால்தானே தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும்? போதாததற்கு, எந்த வைஃபையிலும் சேராதபோதும் 'பக்கத்தில் யாராவது உண்டா' என்று போன் அடிக்கடி குரல் கொடுக்கிறது. அந்தக் குரலிலும் முன்பெல்லாம் அதே முகவரி இருந்தது. 2013இல் லண்டன் நகரத் தெருக்களில் சில குப்பைத்தொட்டிகளே வழிப்போக்கர்களின் போன் முகவரிகளைச் சேகரித்தது வெளியே வந்து, நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. தெருவில் நடந்ததைத் தவிர அந்த மனிதர்கள் எதுவும் செய்யவில்லை.

ரூட்டர் இந்த முகவரியை இணையத்துக்குள் அனுப்புவதில்லை. தொலைவில் இருக்கும் சர்வருக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க எளிய ஆள் போனுக்குள் இருக்கும் செயலிதான். அந்த வழியை ஆப்பிள் 2013இல் ஐஓஎஸ் 7இலும், கூகுள் 2015இல் ஆண்ட்ராய்டு 6இலும் அடைத்தன. ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் இடைமுகங்களை (வைஃபை போன்ற இணைப்பு வாசல்களை) பட்டியலிட்டு எடுக்கும் கொல்லைப்புற வழி கொஞ்ச காலம் திறந்திருந்தது. ஆண்ட்ராய்டு 11க்காக எழுதும் செயலிகளுக்கு அதுவும் மூடிவிட்டது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

சரி, காற்றில் போகும் முகவரி? ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாக ஒரு பொய் முகவரியைப் போனே உருவாக்கிக்கொள்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. முகவரியின் முதல் எட்டு பிட்டுகளில் கடைசிக்கு முந்தையது 1 என்றால், 'ஐஇஇஇ ஒதுக்கியதல்ல, இங்கேயே வைத்துக்கொண்டது' என்று பொருள். ஓர் இடத்துக்கு நான்கு பிட்டுகள். ஆகவே இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் போன் போட்டுக்கொண்ட முகவரி. அந்த 02வும் இந்த விதிக்குள்தான் வருகிறது.

அப்புறம் செயலிக்கு என்ன வழி? பயனரை அடையாளம் காண வேண்டுமானால், முதல்முறை திறக்கும்போது ஒரு தற்செயல் எண்ணை உருவாக்கிச் சேமித்துக்கொண்டால் போதும். அதே வைஃபையில் இருக்கும் போனோடு பேசிச் சோதிக்க வேண்டுமானால் தேவை ஐபி முகவரி, மேக் அல்ல. நிறுவனம் முழுமையாக நிர்வகிக்கும் ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும், நிர்வாகச் செயலி உண்மையான முகவரியைக் கேட்டு வாங்கலாம்.

அலுவலக ரூட்டரில் மேக் முகவரி பார்த்து உள்ளே விடும் அனுமதிப் பட்டியல் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 'போனைப் பற்றி' பக்கத்தில் பார்த்த முகவரியைப் பதிந்தால் போன் உள்ளே வராமல் போகலாம். அந்த வைஃபையின் பெயரைத் தொட்டு, அதன் விவரப் பக்கத்தில் தெரிவதைப் பதியுங்கள்.