கல்லில் உரித்த நார்: ‘நீலக் கல்நார்’ என்ற சொல்

நடக்காத காரியத்தைக் ‘கல்லில் நார் உரிக்கிற வேலை’ என்போம். கஞ்சனிடம் காசு பெயர்ப்பதற்கும் அதே பேச்சுதான். தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில் ஒரு நூற்றாண்டுக் காலம் மனிதர்கள் கல்லில் நார் உரித்தே பிழைத்தார்கள். டர்பனில் நான் எடுக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு சிறுமி, தன் வீட்டு அஸ்பெஸ்டாஸ் கூரைக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டாள். கரும்பலகையில் ‘கல்நார்’ என்று எழுதினேன். அவள் கேட்ட அடுத்த கேள்விக்கு அந்த ஒரு சொல் போதவில்லை.

முதலில் கல்நார். கல்லும் நாரும் சேர்ந்த சொல். இலக்கணப்படி புணர்த்தினால் ‘கன்னார்’ என்றாக வேண்டும். கல் + நெஞ்சு கன்னெஞ்சு ஆவதுபோல. ஆனால் கன்னார் என்றால் வெண்கலப் பாத்திரம் செய்கிறவர்கள். அதனால் பிரித்து எழுதுவதே நல்லது. வாழைநார், தென்னைநார் வரிசையில் கல்நார் என்று கேட்டதும் பொருள் விளங்கிவிடுகிறது. அஸ்பெஸ்டாஸ் என்ற கிரேக்கச் சொல்லில் அந்தத் தெளிவு இல்லை. ‘தணியாதது’ என்பது அதன் பொருள். கிரேக்கர்கள் அந்தப் பெயரால் குறித்தது நீற்றாத சுண்ணாம்பை. நாருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அமியாந்தோஸ், அதாவது மாசுபடாதது. அந்த நாரில் நெய்த துணியை நெருப்பில் போட்டால் அழுக்கு மட்டும் எரிந்து துணி வெளுத்து வரும்.

சிக்கல் என்னவென்றால், கல்நார் என்பது ஒரே கனிமம் அன்று. வெள்ளைக் கல்நார், அதாவது கிரிசோடைல், பாம்புக்கல் எனப்படும் செர்ப்பன்டைன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் படலம் பாய்போலத் தன்மேல் சுருண்டு நாராகிறது. நீலமும் பழுப்பும் ஆம்பிபோல் குடும்பம். அதில் சிலிக்கா இரட்டைச் சங்கிலியாக ஒரே திசையில் நீள்வதால், கல் அந்தத் திசையிலேயே பிளந்து ஊசி ஊசியாகப் பிரிகிறது.

ஆம்பிபோல் என்ற பெயரை 1801இல் வைத்தவர் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ஹாவுய். ‘இருபொருள்படுவது, ஐயத்துக்குரியது’ என்று பொருள். பல வடிவில், பல நிறத்தில் வந்து ஆளைக் குழப்பியதால் அப்படி வைத்தார். நம் இலக்கணத்தில் ‘இரட்டுற மொழிதல்’ இருக்கிறதே, கனிமங்களுக்குள் அதுதான் இது. இருந்தாலும் இந்தக் குடும்பப் பெயரைத் தமிழாக்க நான் முயல மாட்டேன். ஆம்பிபோல் என்றே இருக்கட்டும். கையில் எடுத்துக் காட்டக்கூடிய பொருளுக்குத் தமிழ்ப்பெயர் இருந்தால் போதும். எங்கள் பக்கம் துகேலா ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் ஆம்பிபோல் நிறைந்த ஆம்பிபோலைட்டுப் பாறைகள் உண்டு. அவை கறுத்துக் கனத்த பாறைகள். நார் வேண்டுமானால் மேற்கே, வட கேப்புக்குப் போக வேண்டும்.

பிரிஸ்காவுக்கு அருகே ஆரஞ்சு ஆற்றைத் தாண்டி, கிரிக்வாடவுன், குருமான் வழியாக போட்ஸ்வானா எல்லையை நோக்கி ஓடும் குன்றுகளின் தென்பகுதிக்கு அஸ்பெஸ்பெர்கே, ‘கல்நார் மலை’, என்றே பெயர். சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் படிந்த இரும்புப் பட்டைப் பாறை அது. அந்தப் பட்டைகளுக்கு நடுவே நீல நார் ஓடுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த ஒரு துண்டைப் பார்த்திருக்கிறேன். மேலும் கீழும் துருப்பிடித்த கறுப்புக் கல். நடுவில் இரண்டு விரல்கடை உயரத்துக்குச் சாம்பல் கலந்த நீலம். நார்கள் படுத்திருக்கவில்லை, சீப்பின் பற்கள்போல நெட்டுக்குத்தாக நின்றன. ஓரத்தில் ஒரு கொத்து பிரிந்து, பஞ்சாகிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

அந்தப் பஞ்சைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் துணிதான் நினைவுக்கு வந்திருக்கிறது. 1811இல் அந்த வழியாகப் பயணம் செய்த வில்லியம் பர்ச்செல், உள்ளூர் மக்கள் இதை ‘டூக்ஸ்டீன்’, துணிக்கல், என்று அழைத்ததாகக் குறித்திருக்கிறார். விரலால் கசக்கினால் நைந்த கைக்குட்டைபோல ஆகிவிடுமாம். 1831இல் ஜெர்மன் அறிஞர் ஹவுஸ்மான் இதற்கு குரோசிடோலைட் என்று பெயரிட்டார். கம்பளித் துணியின் மேலே எழும் பிசிறுதான் கிரேக்கத்தில் ‘குரோக்கிஸ்’. இன்றைய கனிமவியலில் இது ரீபெக்கைட் என்ற ஆம்பிபோலின் நார் வடிவம். சோடியமும் இரும்பும் சேர்ந்த சிலிக்கேட்டு. நீலம் அந்த இரும்பால் வருவது. ஆக, குரோசிடோலைட்டுக்கு நேர்த் தமிழ் ‘நீலக் கல்நார்’. வேறு சொல் தேட வேண்டியதில்லை.

பழுப்புக் கல்நார் லிம்போபோ மாகாணத்துப் பெங்கேயில் கிடைத்தது. அதன் வணிகப் பெயர் அமோசைட். ‘தென்னாப்பிரிக்க அஸ்பெஸ்டாஸ் சுரங்கங்கள்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த சொல் அது. கனிமப் பெயர் குருனரைட்.

நீல நாரைப் பெண்களும் பிள்ளைகளும் சிறு சுத்தியலால் தட்டித்தான் கல்லிலிருந்து பிரித்தார்கள். 1960இல் வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் என்ற மூன்று மருத்துவர்கள், நுரையீரலை மூடியிருக்கும் சவ்வில் வரும் மீசோதெலியோமா என்ற அரிய புற்றுநோய் கண்ட 33 பேரைப் பற்றி எழுதினார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் கல்நாரோடு தொடர்பு இருந்தது. அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலை செய்ததே இல்லை. அந்தப் பக்கத்தில் பிறந்து, சிறுவயதில் அந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள். நார் உள்ளே போய் நோயாக வெளிப்பட முப்பது நாற்பது ஆண்டுகூட ஆகிவிடுகிறது. வெள்ளை நாரும் புற்றுநோய் தருவதுதான். ஆனால் ஆம்பிபோல் ஊசிகள் நுரையீரலில் எளிதில் கரைவதில்லை, கிடந்துவிடுகின்றன. அதனால்தான் வெறுமனே கல்நார் என்று எழுதி நிறுத்தக் கூடாது, நிறத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

கடைகளில் மணியாகவும் மோதிரக் கல்லாகவும் விற்கும் புலிக்கண் கல்லும் அதே குன்றுகளில் பிறந்தது. நீல நாரோடு படிகக்கல் சேர்ந்து இறுகி, இரும்பு துருவேறிப் பொன்னிறமானது. துருவேறாமல் நீலமாகவே நின்றுவிட்டால் பருந்துக்கண். புலிக்கண்ணை வைடூரியம் என்று சொல்லி விற்கிறார்கள், அது தவறு. வைடூரியம் வேறு கனிமம்.

சிறுமியின் அடுத்த கேள்வி, தங்கள் கூரையில் இருப்பது நீலமா, வெள்ளையா என்பது. இந்த நாட்டுக் கல்நார்ச் சிமெண்ட் தகடுகளில் மூன்றுமே கலக்கப்பட்டிருக்கின்றன. 2008இல் தடை வந்தது. அதற்கு முன் போட்ட கூரைகள் இன்னும் தலைக்குமேல்தான் இருக்கின்றன. எந்த நார் என்பது சாம்பல் தகட்டைப் பார்த்துத் தெரியாது, ஆய்வகத்தில் நுண்ணோக்கியில்தான் தெரியும். உடையாத தகடு சும்மா கிடக்கும்வரை நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு இருக்கும். அறுத்தால், துளைத்தால், தேய்த்தால் பறக்கும். அப்பா பாசி சுரண்டக் கூரைமேல் ஏறினால் கம்பிப் பிரஷ் வேண்டாம் என்று சொல்லும்படி அவளிடம் சொல்லி அனுப்பினேன்.