பழைய பாணி ஸ்கூட்டர் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் குனிந்து பாருங்கள்

ஸ்கூட்டர் மெக்கானிக்காக இருப்பதால், "ரெட்ரோ வண்டி வாங்கலாமா?" என்று கேட்டு நிறைய பேர் வருகிறார்கள். பெரும்பாலும் நிறத்தை முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். தப்பில்லை, அந்த அழகு அப்படி. ஆனால் அழகும் செலவும் இதில் ஒரே இடத்தில் இருக்கின்றன: பாடியில்.

1946-ல் பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். குழாய்ச் சட்டம் வைத்து அதன்மேல் உறை போடாமல், வளைத்த எஃகுத் தகட்டையே வண்டியின் எலும்பாக்கினார். அந்த வளைவுகளும் கெட்டியான உணர்வும் அதிலிருந்து வந்தவை. முன்சக்கரம் ஒரு பக்கத் தாங்கியில் மட்டும் நிற்பதால், காரில் கழற்றுவதுபோல் பக்கவாட்டில் கழற்றிவிடலாம்.

சாதாரண ஸ்கூட்டர் விழுந்தால் பிளாஸ்டிக் பேனலை மாற்றிவிட்டுப் போய்விடலாம். எஃகு பாடியில் அது நடக்காது. நசுங்கினால் டிங்கர் வேலை, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி, பெயிண்ட் என்று போகும். பழைய நிறத்தோடு ஒட்டுவதும் லேசில்லை. பலமான அடி என்றால் பாடியே கோணிவிடும். பயன்படுத்திய வண்டியானால் பின்னால் நின்று இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி மேல் நகர்த்துங்கள். எஃகு பாடியில் காந்தம் பிடிக்காத இடத்தில் பட்டி தடிமனாக இருக்கும். கால் வைக்கும் தளத்தில் ரப்பர் விரிப்பு இருந்தால் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் தேங்கி, துரு அங்கேதான் சத்தமில்லாமல் ஆரம்பிக்கும்.

ரெட்ரோ தோற்றம் உள்ள எல்லா வண்டியும் எஃகு இல்லை. சிலவற்றில் வளைவுகள் வெறும் பிளாஸ்டிக்தான். விலை பேசும்போது அதைக் கேட்டுவிடுங்கள்.

அசல் பழைய வண்டியே வேண்டும் என்பவர்களிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். அவற்றில் பலவற்றின் ரிம், போல்ட் போட்டு இணைத்த இரண்டு பாதிகள். டியூபில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும். முதலில் காற்றை முழுவதும் இறக்குங்கள். மற்றபடி டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்கணும், புகை வரும், பிளக் அழுக்காகும், பழகிவிடும்.

புதிய மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை. கியர் மாற்ற வேண்டாம், பெல்ட்டையும் ரோலரையும் நேரத்துக்குப் பார்த்தால் போதும். சின்னச் சக்கரம் மட்டும் அப்படியே தொடர்கிறது. பள்ளத்தில் அது விழுகிற ஆழம் பெரிய சக்கரத்துக்கு இருக்காது. அதனால் ஓட்டிப் பார்க்கும்போது கடை வாசலோடு திரும்பாமல், தினமும் போகிற வழியிலேயே மோசமான சாலைக்குக் கொண்டு போங்கள். பின்சீட்டில் உட்காரப் போகிறவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். முதுகுவலி அவருக்குத்தான் முதலில் வரும்.