"சார், புரோகிராம் ஓடல" என்று வந்தால்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் மாணவர்களுக்கான வாட்ஸாப் குழுக்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு இந்தச் செய்தி பழகிப்போயிருக்கும். கூடவே சாய்வாக எடுத்த மானிட்டர் போட்டோ ஒன்று, பாதி டியூப்லைட் வெளிச்சம். அதை உற்றுப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதிய புரோகிராம் வரிகளை டெக்ஸ்டாக அனுப்பச் சொல்லுங்கள். எரரைக் கடைசி வரி வரை கேளுங்கள். பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் விஷயமே அந்த வரியில்தான் இருக்கும். என்ன வரவேண்டும், என்ன வருகிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இது எரரே வராத பிழைகளுக்கு மிக முக்கியம்.

உதாரணத்துக்கு, மத்தி கிலோ 150 ரூபாய், 3 கிலோ எவ்வளவு? இன்புட்டில் 3 கொடுத்தால் 450 வரவேண்டும். திரையிலோ 3 என்ற இலக்கம் 150 தடவை வரிசைகட்டி நிற்கிறது. பைத்தானில் இன்புட் தருவது எப்போதும் ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்து வரிசை. அதை முழு எண்ணால் பெருக்கினால் அத்தனை தடவை திரும்ப எழுதும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னுக்கு சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவுக்குப் பைத்தான். முன்னதில் மாறியை (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயரை) இன்ட், அதாவது முழு எண், என்று அறிவித்தால் எண்ணாகவே வாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாருகிறது.

"இன்ட் போடுப்பா" என்று முடித்துவிடாதீர்கள். அடுத்து ஒன்றரைக் கிலோவுக்கு 1.5 என்று கொடுத்ததும் வேல்யூ எரர் வரும். "அந்த மாறியோட டைப்பை பிரிண்ட் பண்ணிப் பாரு" என்று சொல்லுங்கள். ஸ்ட்ரிங் என்று கண்ணால் பார்த்துவிட்டால் மீதியைப் பெரும்பாலும் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். எடைக்கு ஃப்ளோட் (தசம எண்), ஆள் எண்ணிக்கைக்கு இன்ட்.

வெர்ஷனையும் கேளுங்கள். விண்டோஸ் 7 ஓடும் பழைய லேப் கணினிகளில் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது. அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் அது பெரும்பாலும் அடுத்த வரியைக் குற்றம் சொல்லும். 2021-ல் வந்த 3.10 எந்தக் குறி மூடவில்லை என்றே சொல்லிவிடும். பழையதில் ஒரு வரி மேலே பார்க்கச் சொன்னால் போதும். போனில் டைப் செய்தால் பிரிண்டின் முதல் எழுத்து தானாகப் பெரிதாகிவிடும், பிடிஎஃப்பிலிருந்து எடுத்தால் மேற்கோள் குறி வளைந்து வரும். இரண்டும் எரர்தான்.

முழுப் புரோகிராமையும் பதிலாக ஒட்டும் சீனியர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி, அதை நீக்க வையுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு வரியை மாற்றச் சொன்னால் முழிப்பது வாங்கி எழுதிய பிள்ளைதான். சரியானதும் எரரின் கடைசி வரியையும் திருத்திய வரியையும் சேர்த்து அதே பிள்ளையைக் குழுவில் போடச் சொல்லுங்கள். அடுத்து வருபவர் தேடினால் கிடைக்கும்.