பிரேக் பிடிப்பவர் ஏன் கூடவே வருகிறார்?

சென்ற மாதம் வாசகி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஹெல்சிங்கியில் வேலை பார்க்கும் அவருடைய மகன் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் எடுத்த வீடியோவை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். மர ரோலர் கோஸ்டர் ஒன்று சரிவில் பாய்கிறது, ஏறியிருப்பவர்கள் எல்லாரும் கத்துகிறார்கள். ஒரே ஒருவர் மட்டும், வண்டியின் பின்பக்கத்தில், கையில் ஒரு நெம்புகோலுடன் அமைதியாக வருகிறார். "அவர் யார் சார்? தண்டவாளத்தில் தானாக ஓடுகிற வண்டிக்கு ஓட்டுநர் எதற்கு?"

அந்த வண்டியில் நான் ஆறு முறை ஏறியிருக்கிறேன். கடந்த கோடையில் ரோலர் கோஸ்டர் பித்துப் பிடித்த ஆறு பேர் சேர்ந்து கோபன்ஹேகனில் தொடங்கி கோதன்பர்க், ஸ்டாக்ஹோம் வழியாக ஹெல்சிங்கி வரை போனோம். எங்கள் கூட்டத்தில் ஏறி முடித்த ஒவ்வொரு ரோலர் கோஸ்டரையும் 'ஒரு கிரெடிட்' என்று எண்ணுவார்கள். நானூறு கிரெடிட் தாண்டிய ஒருவரும் எங்களோடு வந்தார். ஆனால் பயணம் முழுக்க நாங்கள் அதிகம் பேசியது உயரத்தைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ அல்ல. பிரேக்கை இயக்கும் அந்த நெம்புகோலைப் பற்றித்தான்.

முதலில் எடை. நம் எடை என்று நாம் உணர்வது பூமி நம்மை இழுப்பதை அல்ல, நாற்காலி நம்மைத் தாங்குவதை. வண்டி ஒரு மேட்டின் முகட்டைக் கடக்கும்போது நம் உடல் நேராகப் போகப் பார்க்கிறது, பாதை கீழே வளைந்துவிடுகிறது. வளைவோடு நம்மைக் கீழே திருப்ப ஒரு விசை வேண்டும். அது ஈர்ப்பு விசையிலிருந்துதான் செலவாகிறது. மிச்சம் இருப்பதுதான் நாற்காலி நம்மைத் தாங்கும் விசை. வேகம் கூடக்கூட மிச்சம் குறையும். வேகத்தின் (நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில்) இருமடியை வளைவின் ஆரத்தால் வகுத்து வருவது புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஐத் தொட்டால் மிச்சம் பூச்சியம், உட்கார்ந்தபடியே மிதக்கிறோம். இந்த மிதப்புக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஏர்டைம்'.

அந்த நேரத்தில் வயிற்றுக்குள் ஏதோ மேலே எழும்புவது போலிருக்குமே, அதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ராட்டினத்தில் ஏறி இறங்கிய பிள்ளை வாந்தி எடுத்தால் 'குடல் ஏறிவிட்டது' என்று விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடும் வழக்கம் நம்மிடம் இன்றும் இருக்கிறது. குடல் எங்கும் ஏறிக்கொள்வதில்லை. வழக்கமாகக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் வயிற்று உறுப்புகள் ஒரு நொடி எடை இழக்கின்றன. அதே நொடியில் உட்செவியில் மெல்லிய கூழ்ப் படலத்தின் மேல் பதிந்திருக்கும் சுண்ணாம்புப் படிகங்களும் எடை இழக்கின்றன. மூளைக்கு 'விழுகிறோம்' என்று செய்தி போகிறது. வண்டி நின்றதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். குமட்டல் கொஞ்ச நேரம் நீடிக்கலாம், அவ்வளவுதான். எனக்கு இதில் கோபமே உண்டு. தொடர்ந்து வாந்தி எடுக்கிற குழந்தையை மருத்துவரிடம் கொண்டுபோகாமல் வயிற்றை நீவிக்கொண்டு ஒரு நாளைக் கடத்துவது ஆபத்து.

இனி சக்கரங்களுக்கு வருவோம். இன்றைய ரோலர் கோஸ்டர் எதையும் நின்று கவனித்தால் ஒரே தொகுதியில் மூன்று வகைச் சக்கரங்கள் தெரியும். ஒன்று தண்டவாளத்தின் மேலே ஓடுவது, ஒன்று பக்கவாட்டில் தாங்குவது, மூன்றாவது அடிப்பக்கத்தில் ஒட்டி ஓடுவது. வண்டி மேலே கிளம்பப் பார்த்தால் இந்த அடிச்சக்கரம் பிடித்துக்கொள்ளும். ஜான் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1919-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. கோதன்பர்க்கின் லிசெபெர்க் பூங்காவில் 2003-இல் வந்த பால்டர் என்ற மர ரோலர் கோஸ்டரில் இதன் முழு ருசியும் தெரியும். உயரம் 36 மீட்டர், வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஒவ்வொரு முகட்டிலும் நம்மைத் தொடைக்கு மேல் இருக்கும் கம்பியோடு சேர்த்து அழுத்துகிறது. அதாவது நாற்காலி நம்மைத் தாங்குவதில்லை, கம்பிதான் நம்மைக் கீழே இழுத்து வைத்திருக்கிறது. வண்டியை அடிச்சக்கரம் இழுத்து வைத்திருக்கிறது. வடிவமைத்தவர் துணிச்சலாக வேகத்தை விட்டுவைக்க முடிந்தது அந்தச் சக்கரத்தை நம்பித்தான்.

ஹெல்சிங்கியின் லின்னன்மாகி பூங்காவில் அந்த வாசகி பார்த்த வண்டிக்கு அடிச்சக்கரம் கிடையாது.

அதன் பெயர் வுவோரிஸ்டோராட்டா. ஃபின்னிஷ் மொழியில் 'மலைப்பாதை' என்று பொருள். (சுவீடன்காரர்கள் 'மலை பள்ளத்தாக்குப் பாதை' என்கிறார்கள், டென்மார்க்கில் 'சறுக்குப் பாதை'. பிரெஞ்சுக்காரர்களுக்கு இது 'ரஷ்ய மலை', ரஷ்யர்களுக்கு 'அமெரிக்க மலை'.) டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமார் லெபெக் வடிவமைத்து 1951-இல் திறந்தது. 24 மீட்டர் உயரம், 960 மீட்டர் நீளம், வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். கோபன்ஹேகனின் திவோலி பூங்காவில் 1914-இலிருந்து ஓடும் ருட்ஷெபானெனும் இதே குடும்பம். இவற்றில் மேலே ஓடும் சக்கரங்கள் உண்டு. திருப்பங்களில் பக்கவாட்டு மரச்சுவர்கள் வண்டியை வெளியே போகவிடாமல் பார்த்துக்கொள்ளும். மேல்நோக்கிக் கிளம்பினால் பிடிக்க எதுவுமில்லை. வண்டியைப் பாதையில் வைத்திருப்பது அதன் எடை மட்டுமே.

அந்த எடையோ முகட்டில் குறைந்துகொண்டே போகிறது. நெம்புகோல்காரர் ஏன் கூடவே வர வேண்டும் என்பதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக விரும்புகிறேன், பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம் இது.

கணக்குக்காக ஒரு மேட்டை எடுத்துக்கொள்வோம். முகட்டின் வளைவு ஆரம் 10 மீட்டர். மேட்டுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்திலிருந்து முகடு 6 மீட்டர் உயரம். வண்டி பள்ளத்தை மணிக்கு 50 கிலோமீட்டரில் கடக்கிறது. ஏறும்போது இயக்க ஆற்றலின் ஒரு பகுதி நிலை ஆற்றலாக மாறும் என்பது பள்ளிக்கூடப் பாடம். உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் முகட்டில் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டர். அப்போது 60 கிலோ எடையுள்ள ஒருவரை நாற்காலி வெறும் 14 கிலோ எடைக்காரரைப் போலத்தான் தாங்குகிறது. லேசாக, சுகமாக இருக்கும். சக்கரமும் தண்டவாளத்தில் பதிந்தே இருக்கும்.

இப்போது பள்ளத்து வேகத்தை 53 என்று வைப்போம். மூன்றே கிலோமீட்டர் அதிகம். முகட்டில் எவ்வளவு வரும்? 34 என்று தோன்றும். கணக்கில் 36 வருகிறது! கீழே மூன்றாக இருந்த வித்தியாசம் மேலே கிட்டத்தட்ட ஐந்தாக வளர்ந்துவிட்டது. காரணம் எளிது. மேடு ஏறுவதற்கான ஆற்றல் இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். 6 மீட்டருக்கு உரிய விலையை இரண்டும் ஒரே மாதிரி கொடுக்கின்றன. மெதுவான வண்டிக்குக் கையிருப்பு குறைவு, கொடுத்தபின் மிச்சமும் மிகக் குறைவு. வேகமான வண்டியின் உபரி அப்படியே தங்கிவிடுகிறது. ஆற்றல் வேகத்தின் இருமடியில் இருப்பதால், வேகம் குறைந்த முகட்டில் அதே உபரி பெரிதாகத் தெரிகிறது.

10 மீட்டர் ஆரமுள்ள முகட்டில் எடை பூச்சியமாகும் வேகம் எது? அதே 36. ஆக, பள்ளத்தில் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாத ஒரு சின்ன வித்தியாசம், சுகமான மேட்டுக்கும் சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும்பும் மேட்டுக்கும் நடுவில் இருக்கிறது. முகட்டுக்குப் போய்ச் சேர்ந்தபின் பிரேக் பிடித்துப் பயனில்லை. உபரியை முன்கூட்டியே, பள்ளத்திலும் ஏற்றத்திலும் வைத்தே எடுத்துவிட வேண்டும். எவ்வளவு எடுப்பது என்பதோ ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறும். ஆட்கள் நிறைந்த வண்டி காலி வண்டியை விட வேகமாக ஓடும்: காற்றின் தடை ஏறக்குறைய அதேதான், வண்டியின் ஆற்றலோ எடையோடு சேர்ந்து கூடுகிறது. குளிர்ந்த காலையில் மசகு கெட்டியாக இருக்கும், வண்டி மந்தமாகப் போகும். நாள் முழுக்க ஓடிச் சூடானபின் மாலையில் அதே வண்டி பறக்கப் பார்க்கும். மழை பெய்தால் பக்கச் சுவரின் உராய்வு மாறும், பிரேக்கின் பிடிமானமும் மாறும்.

இவ்வளவையும் மனதில் போட்டு, அடுத்த முகட்டுக்கு என்ன வேண்டும் என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுத்து, ஒரு மனிதர் நெம்புகோலை இழுக்கிறார். அதுவும் பயத்துக்காக முழுக்கப் பிடித்துவிட்டால் சவாரியே செத்துவிடும், அடுத்த மேட்டை ஏற ஆற்றலும் போதாமல் போகலாம். மிதப்புக்கு மிக அருகில் கொண்டுபோய், அதைத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். கணினி ஒன்று இதைச் செய்தால் நாம் பாராட்டி எழுதுவோம். மனிதர் செய்யும்போது வீடியோவில் அவர் முகம் சலனமில்லாமல் இருப்பதை மட்டும் பார்க்கிறோம்.

இப்படி ஆள் கூடவே வரும் மர ரோலர் கோஸ்டர்கள் உலகில் மிகக் குறைவு. மெல்போர்னில் 1912-இல் திறந்தது ஒன்று, இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத்தில் 1932-இல் திறந்தது ஒன்று. கோபன்ஹேகனுக்கு வடக்கே பாக்கென் பூங்காவிலும் 1932-ஆம் ஆண்டு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. ஆனால் 2010-இல் அதற்குப் புதிய வண்டிகள் வந்தபோது பிரேக் பிடிப்பவர்கள் இறங்கிக்கொண்டார்கள். எங்கள் ஆறு பேருக்குமே அது வருத்தம். பாதை அதேதான், மேடுகளும் அதேதான், ஆனால் காலையில் ஏறினாலும் மாலையில் ஏறினாலும் யாரோ ஒருவர் நமக்காகக் கணித்து ஓட்டினார் என்ற நிறைவு கிடைக்கவில்லை.

பாக்கென் இன்னொரு காரணத்துக்காகவும் மனதில் நின்றது. உலகில் இன்றும் இயங்கும் பொழுதுபோக்குப் பூங்காக்களில் அதுதான் மிகப் பழையது. 1583-இல் அங்கே காட்டுக்குள் ஓர் ஊற்று கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். ஊற்றுநீர் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் மக்கள் கூடினார்கள், கூட்டத்தைப் பார்த்து வியாபாரிகளும் வித்தைக்காரர்களும் வந்தார்கள். நகரத்துத் தண்ணீர் மோசமாக இருந்த காலத்தில் நல்ல ஊற்றுநீர் உடம்புக்கு நல்லதாகவே இருந்திருக்கும், அதற்கு அற்புதம் தேவையில்லை.

ஸ்டாக்ஹோமில் எங்களுக்கு உற்சாகம் குறைந்துவிட்டது. அங்கே க்ரோனா லுண்ட் பூங்காவின் ஜெட்லைன் என்ற இரும்பு ரோலர் கோஸ்டர் 2023 ஜூன் 25-இல் தடம் புரண்டு ஒருவர் உயிரிழந்தார். பின்னால் அதைத் திரும்பத் திறக்கவேயில்லை. வண்டியில் புதிதாகப் பற்றவைத்துச் செய்து பொருத்திய, சக்கரத்தைத் தாங்கும் ஒரு கை (தாங்குகை) உடைந்தது என்று சுவீடனின் விபத்து விசாரணை ஆணையம் கண்டது. மூன்று வகைச் சக்கரம் எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும் அது ஒரு பற்றவைப்பின் தரத்தில்தான் தொங்குகிறது. பழைய வண்டியில் ஒரு மனிதரின் கவனம் கண்ணெதிரே தெரிகிறது. புதிய வண்டியில் அந்தக் கவனம் பட்டறையிலும் பரிசோதனைக் கூடத்திலும் இருந்தாக வேண்டும். நாம் ஏறும்போது அதைப் பார்க்க முடியாது. சக்கரத் தாங்குகையின் உலோகச் சோர்வை ஆராய்வதற்கும் ஆய்வாளர்களைப் பயிற்றுவதற்கும் ஆகும் செலவைக் குறைத்துப் பார்ப்பவர்களை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சுவீடனைப் பார்த்து நான் ஏங்கியது ஒன்று உண்டு. ஆன்-மரி பெண்ட்ரில் என்ற இயற்பியலாளர் லிசெபெர்க் பூங்காவையே ஆய்வுக்கூடமாக்கி, ஊஞ்சலிலிருந்து ரோலர் கோஸ்டர் வரை மாணவர்கள் முடுக்கத்தைத் தாங்களே அளந்து பார்க்கும் பாடங்களைப் பல ஆண்டுகளாக உருவாக்கியிருக்கிறார். நம் பள்ளிகளும் ஆண்டுதோறும் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிப் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு அழைத்துப் போகின்றன. கையில் ஒரு சுருள்வில் இருந்தால் போதும், ராட்டினத்தின் உச்சியில் அது சுருங்குவதையும் அடியில் நீள்வதையும் பார்க்கலாம். ராக்கெட்டுக்குப் பணம் ஒதுக்குகிற நாடு இயற்பியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற ஆராய்ச்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லின்னன்மாகிக்கு வந்து சேர்ந்தபோது கடைசி நாள். குழந்தைகள் நலனுக்கான ஓர் அறக்கட்டளை நடத்தும் பூங்கா அது, வருமானம் அந்த வேலைக்கே போகிறது. காலையில் வெயில், வண்டி பாதி காலி. முதல் சவாரியில் பிரேக் பிடிபட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் குறிப்பேட்டில் எழுதினேன். மிகச் சில தடவைதான். மாலையில் தூறல் விழுந்து நின்றிருந்தது, எல்லா இருக்கையும் நிறைந்திருந்தது. அதே பாதையில், காலையில் தொடவே தொடாத ஒரு பள்ளத்தில் நெம்புகோல் இழுபட்டது. வண்டி ஒரு நொடி தயங்கியது. பின் முகட்டில் ஏறி, நாற்காலிக்கும் எனக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவு இடம் விட்டு, மெதுவாக மறுபக்கம் இறங்கியது.