தண்ணீர்ப் பிரசவம்: பலன் யாருக்கு?

"தொட்டியை நிரப்பி மூணு நாள் ஆச்சு டாக்டர். வலி வந்ததும் இறங்கிடலாம்னு ஹீட்டர் போட்டே வெச்சிருக்கோம்." நிறைமாதக் கர்ப்பிணியின் கணவர் பெருமையாகச் சொன்னார். மனைவிக்கோ ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் இருந்தபடியே குழந்தை பெறுவதுதான் தண்ணீர்ப் பிரசவம். ஏன் தண்ணீரில்தான் என்று கேட்டால், "குழந்தை புத்திசாலியாப் பிறக்குமாமே" என்கிறார். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

புத்திசாலித்தனத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தண்ணீரில் பிறந்த குழந்தை அழாது, அதிர்ச்சியே இல்லாமல் வரும், சாந்தமாக வளரும் என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. பனிக்குட நீரிலிருந்து வெதுவெதுப்பான நீருக்கு வருகிறது, அதனால் இதம் என்று கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறந்ததும் சத்தமே காட்டாத குழந்தையைப் பார்த்துப் பிரசவ அறையில் யாரும் மகிழ்வதில்லை. பிரிட்டனில் 2024-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, சிக்கலில்லாத கர்ப்பங்களில், மருத்துவச்சிகளின் கவனிப்பில் தண்ணீரிலேயே பெற்றதால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து கூடவில்லை என்றது. ஆபத்து கூடவில்லை என்றால் அவ்வளவுதான். அதைக் 'குழந்தைக்குக் கூடுதல் நன்மை' என்று மாற்றிப் படிக்காதீர்கள்.

பலன் தாய்க்கு. அதுவும் வலி எடுத்துக் கருப்பை வாய் திறக்கும் கட்டத்தில். உடல் எடை தெரியாது, நினைத்தபடி திரும்பலாம், குந்தலாம். வலியைத் தாங்குவது எளிதாகும், எபிடியூரல் (முதுகில் போடும் வலி மரப்பு) ஊசி கேட்பவர்கள் குறைகிறார்கள். வலி இல்லாமல் போகாது, தாங்க முடிகிறது, அவ்வளவே. பிறகு எழுந்து கட்டிலில் பெற்றாலும் இந்தப் பலன் எங்கும் போய்விடாது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2016-இல் பரிந்துரைத்ததும் இதையே: வலியின்போது தண்ணீர் சரி, பிறப்பு வெளியே நடக்கட்டும்.

இரட்டைக் குழந்தை, தலைகீழாகத் திரும்பாத குழந்தை, 37 வாரம் நிறையாதவர், உயர் ரத்த அழுத்தம், ரத்தப்போக்கு, காய்ச்சல், குழந்தை உள்ளேயே மலம் கழித்திருப்பது: இவற்றில் ஏதாவது இருந்தால் தண்ணீர்ப் பேச்சே வேண்டாம். மயக்கம் தரும் வலி ஊசி போட்டவுடனும் இறங்கக் கூடாது.

அந்த மூன்று நாள் வெந்நீருக்கு வருவோம். அது லெஜியோனெல்லா கிருமிக்கு நாமே வைக்கும் விருந்து. டெக்சஸில் 2014-இல், முன்கூட்டியே நிரப்பிச் சூடாக வைத்திருந்த தொட்டியில் பிறந்த குழந்தை ஒன்று இந்தத் தொற்றால் இறந்தது. சுத்தம் செய்த தொட்டியில், வலி வந்த பிறகு, புதுத் தண்ணீர். சூடு 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டவே கூடாது. மணிக்கு ஒருமுறை அளக்க வேண்டும். தாயின் உடல் சூடானால் குழந்தையின் இதயத் துடிப்பும் எகிறும்.

தண்ணீரிலேயே பிறந்தால், முழுதாக வெளிவந்ததும் முகத்தை உடனே மேலே கொண்டுவர வேண்டும். குழந்தையை மறுபடி தண்ணீருக்குள் அமிழ்த்தவே கூடாது. வெடுக்கென்று தூக்கினால் தொப்புள்கொடி அறுந்துபோகலாம். (ரத்தப்போக்கைத் தண்ணீரில் மதிப்பிடுவது எங்களுக்கே தலைவலி. கொஞ்சம் கலந்தாலும் தொட்டி முழுக்கச் சிவக்கும். நிறையப் போயிருந்தாலும் அளவு பிடிபடாது.)

வீட்டில் வீடியோ பார்த்துச் செய்கிற காரியமில்லை இது. நீர் புகாத டாப்ளர் கருவி வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கவும், அவசரத்தில் தாயைத் தூக்கவும் பழகியவர்கள் பக்கத்தில் வேண்டும். தயவுசெய்து எட்டாம் மாதத்திலேயே உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். அப்புறம், தொட்டியில் இருக்கும்போது "வெளியே வாங்க" என்று அவர்கள் சொன்னால் வாதம் செய்யாமல் எழுந்து வாருங்கள். காரணத்தைக் கட்டிலில் படுத்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.