மூணு சீட்டு: ஒரே பேரு, ரெண்டு ஆட்டம்

வடசென்னையில ஒருத்தரப் பாத்து "அவன் மூணு சீட்டுப்பா"ன்னு சொன்னா அவரு சீட்டாடுறவருன்னு அர்த்தம் ஆகாது, ஆள ஏமாத்துறவருன்னு தான் அர்த்தம். "இன்னா நைனா, எங்கிட்டயே மூணு சீட்டு வேலய காட்றியா"ன்னு ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் சர்வ சாதாரணமா கேப்பாங்க. அதே ஏரியால சாவு வூட்டுல, காலைல எடுக்குற வரைக்கும் முழிச்சிருக்கணும்னு பந்தலுக்கு கீழ துண்ட விரிச்சு வட்டமா உக்காந்து ஆடுறாங்களே, அதுக்கும் பேரு மூணு சீட்டு தான். பேரு ஒண்ணா இருக்கறதால ரெண்டும் ஒண்ணுன்னு ரொம்ப பேரு நெனச்சுட்டு இருக்காங்க. ஒண்ணுல கை, அதாவது ஒருத்தருக்கு வந்த மூணு சீட்டு, பெருசா சின்னதான்னு ஒரு வரிசை இருக்கு, விதி இருக்கு, யாரு வேணா ஜெயிக்கலாம். இன்னொண்ணுல விதியே கிடையாது, ஜெயிக்கறது ஒரே ஒரு கோஷ்டி தான். இந்த ரெண்டையும் பிரிச்சு சொல்லத்தான் இத எழுதறேன், கூடவே கைகளுக்கு நம்ம பேரு என்னான்னும் பாத்துடலாம்.

மொதல்ல சீட்டு. சீட்டுன்னா ஒரு துண்டு காயிதம், அவ்ளோதான். தெலுங்குல சீட்டி, இந்தில சிட்டின்னா கடுதாசி, அந்த சிட்டிய தான் வெள்ளக்காரன் சிட்டுன்னு தன் பாஷைல சேத்துக்கிட்டான். நம்மகிட்ட இந்த சொல்லு எங்கெங்கயோ பரவிக் கெடக்குது, ஏலச்சீட்டு, தீவாளி சீட்டு, குலுக்கல் சீட்டு, வேலைய விட்டு தூக்குனா "சீட்ட கிழிச்சுட்டாங்க", எல்லாமே அந்த துண்டு காயிதம் தான். அதனால "சீட்டு போட்டேன்"னு எங்க ஏரியால ஒரு அக்கா சொன்னா அவங்க மாசா மாசம் காசு கட்டுறாங்கன்னு அர்த்தம், "சீட்டு ஆடுனேன்"னா தான் இந்த 52 அட்ட. ஒரு கட்டு, கலைக்கறது, வெட்டறது, போடறது, இதெல்லாம் அந்த ரெண்டாவது சீட்டோட சொல்லுங்க.

மூணு சீட்டுங்கற ஆட்டத்துக்கு இந்தில தீன் பத்தி. தீன்னா மூணு, பத்தின்னா இலை. தெலுங்குல மூடு முக்கலாட்டா, முக்கன்னா துண்டு. இந்த மூணு பேரையும் நீங்க வடசென்னைக்குள்ளயே கேக்கலாம், சௌகார்பேட்டைல மிண்ட் தெரு, எலிஃபெண்ட் கேட் பக்கம் மார்வாடி, குஜராத்தி வீடுங்கள்ல தீவாளி ராத்திரி குடும்பமா உக்காந்து ஆடறது தீன் பத்தி, அங்கேந்து கொஞ்சம் வடக்கால வந்தா தெலுங்கு பேசறவங்க வாயில முக்கலாட்டா, காசிமேட்டுல மூணு சீட்டு. வருசா வருசம் ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு மீன்பிடி தடைக்காலம், லாஞ்சு எல்லாம் கரையில கட்டிக் கெடக்கும், காலைல வலைய பின்னிட்டு மத்தியானம் நெழல்ல உக்காந்தா சீட்டுக்கட்டு தானா வெளிய வந்துடும். கிளப்புல ஆடறவங்க இதையே ஃப்ளஷ்னு சொல்லுவாங்க. தீன் பத்திங்கறத தமிழ்ல எழுதறப்ப சில பேரு மூவிலை ஆட்டம்னு மொழிபெயர்க்கறாங்க, எனக்கு அது சரியா படல. நம்ம பாஷைல அட்டைய யாரும் இலைன்னு சொன்னதில்ல, மூணு சீட்டுன்னு ஏற்கனவே நல்ல சொல்லு இருக்கு, அதுவே போதும்.

இப்ப அந்த இன்னொரு மூணு சீட்டு. பஸ் ஸ்டாண்டு ஓரம், சந்தை வாசல், ஒரு அட்டப்பெட்டிய கவுத்து வெச்சு மூணு சீட்டு. ரெண்டு கருப்பு, ஒண்ணு செவப்பு ராணி. ராணி எங்க இருக்குன்னு காட்டிட்டு கவுத்துப்போட்டு மாத்தி மாத்தி வெப்பான், கண்டுபுடிச்சா டபுளு. கையப் பாத்தா தான் விஷயம் புரியும். வலது கையில ரெண்டு சீட்ட ஒண்ணுக்கு மேல ஒண்ணா, நடுவுல லேசா இடைவெளி விட்டு புடிச்சிருப்பான், கீழ இருக்கறது ராணின்னு நம்ம கண்ணுல காட்டியாச்சு, கீழ இருக்கறது தானே மொதல்ல விழும்னு நம்ம மனசு கணக்கு போடும், அவன் விரல் மேல இருக்கற சீட்ட வுட்டுடும். அவ்ளோதான் வித்தை, மிச்சமெல்லாம் சுத்தி நிக்கற ஆளுங்க. மொதல்ல ஒருத்தன் 500 ரூவா கட்டி ஜெயிப்பான், அவன் இவங்க ஆளு. அப்புறம் ஆடறவன் வேற பக்கம் திரும்பறப்ப இன்னொருத்தன் ராணியோட மூலைய லேசா மடிச்சு நமக்கு கண்ணக் காட்டுவான், அவனும் இவங்க ஆளு தான், நாம நம்பி காசக் கட்டுனா மடிஞ்சிருக்கறது வேற சீட்டு, ராணியோட மடிப்ப எப்பவோ நிமித்தியாச்சு. இதுல கைவரிசை உண்டு, கை வரிசைன்னு ஒண்ணு கிடையாது. இது மோசடி, போலீஸ் புடிச்சா ஏமாத்துனதுக்கு தான் கேஸ் போடணும், பழைய சட்டத்துல 420, இப்ப பாரதிய நியாய சன்ஹிதால 318.

திட்டுற வார்த்தையா மூணு சீட்டு வந்தது இந்த தெருவோர ஆளுங்களால தான், பந்தல்ல உக்காந்து ஆடுறவங்களுக்கு அந்த கெட்ட பேரு சேரவே கூடாது.

சரி, நெஜ மூணு சீட்டு. இது எங்கேந்து வந்துச்சுன்னா இங்கிலாந்துல பிராக்னு ஒரு ஆட்டம், பிராக்னா பீத்திக்கறது, கையில ஒண்ணும் இல்லாம எல்லாம் இருக்கற மாதிரி காட்டிக்கறது. அதுக்கு 1751லயே விதி எழுதி பொஸ்தகம் போட்டுட்டாங்க. அது தான் இங்க வந்து தீன் பத்தி ஆகி மூணு சீட்டு ஆச்சு. எல்லாரும் மொதல்ல ஒரு தொகை நடுவுல போடணும், அதுக்கு பூட்டுனு பேரு. ஆளுக்கு மூணு சீட்டு கவுத்து போடுவாங்க. இதுக்கப்புறம் தான் இந்த ஆட்டத்தோட அழகே இருக்கு, சீட்ட எடுத்து பாத்துட்டும் ஆடலாம், பாக்காமயும் ஆடலாம். பாக்காம ஆடறவன் பிளைண்டு, பாத்து ஆடறவன் சீனு. பிளைண்டுல இருக்கறவன் 10 ரூவா கட்டற எடத்துல சீனு ஆளு கொறஞ்சது 20 கட்டணும், அதிகபட்சம் 40. பிளைண்டு ஆளு 10லேந்து 20 வரைக்கும் கட்டலாம். சீனு ஆளு 40 கட்டிட்டான்னா அடுத்து வர்ற பிளைண்டுக்கு கொறஞ்சது 20, ஏன்னா சீட்ட பாத்தவன் காசுக்கு எப்பவும் பாதி தான் மதிப்பு. பாத்தவனுக்கு தகவல் இருக்கு, அந்த தகவலுக்கு அவன் வெல குடுத்தாகணும், இந்த ஒரு விதிக்காகவே இத யோசிச்சவன பாராட்டலாம்.

கைகளோட வரிசைக்கு வரேன். பெருசுலேந்து சொன்னா மூணும் ஒண்ணா இருக்கறது, அதாவது மூணு ஆஸு, மூணு ராஜா மாதிரி, இத ட்ரெயில், ட்ரையோன்னு சொல்றாங்க. அடுத்து ஒரே சின்னத்துல வரிசையா மூணு, பியூர் சீக்வன்ஸ். அப்புறம் சின்னம் கலந்த வரிசை. அப்புறம் கலர், அதாவது வரிசை இல்லாம ஒரே சின்னம். கலர்னா கருப்பு செவப்புன்னு நெனச்சு இஸ்பேடையும் கிளாவரையும் சேத்துக் காட்டி சண்ட போடற புது ஆளுங்க உண்டு, அது செல்லாது, மூணும் இஸ்பேடா இருக்கணும் இல்ல மூணும் கிளாவரா இருக்கணும். அப்புறம் ஜோடி. எதுவுமே இல்லன்னா பெரிய சீட்டு யாருகிட்டயோ அவன். சின்னங்களுக்குள்ள பெருசு சின்னது கிடையாது. இருக்கறதுலயே மட்டமான கை சின்னம் கலந்த 2, 3, 5.

இதுல எண்ணிக்கை பாத்தா ஒரு சங்கதி இருக்கு. 52 சீட்டுலேந்து மூணு சீட்டு 22,100 விதமா வரலாம். அதுல ஒண்ணும் தேறாத கை 16,440, அதாவது நாலு தடவைக்கு மூணு தடவ உங்க கையில ஒண்ணும் இருக்காது. ஜோடி 3,744. கலர் 1,096. வரிசை 720. போக்கர்ல அஞ்சு சீட்டு, அங்க கலர் வரிசைய அடிக்கும், இங்க வரிசை கலர அடிக்குது, ஏன்னு கேக்கறவங்களுக்கு இந்த 720ம் 1,096ம் தான் பதில், எது அபூர்வமோ அது ஒசத்தி. ஆனா உச்சில மட்டும் இந்த நியாயம் ஒடையுது. மூணும் ஒண்ணா வர்றது 52 விதம், சுத்தமான வரிசை 48 விதம் தான். அபூர்வம் பாத்தா சுத்த வரிசை தான் மேல இருக்கணும், கேசினோல ஆடற மூணு சீட்டு போக்கர்ல அப்படித்தான் வெச்சிருக்காங்க. நம்ம ஆட்டத்துல மாறி இருக்கறதுக்கு காரணம் அந்த பழைய பிராக், அங்க மூணும் ஒண்ணா வந்தா பிரையல், அரச ஜோடிங்கற சொல்லு சுருங்கி அப்படி ஆச்சு, அது தான் உச்சம், நாம அந்த மரியாதைய அப்படியே எடுத்துக்கிட்டோம். கணக்கு தப்புன்னு இத மாத்த சொல்றவங்க இருக்காங்க, நான் மாத்தக்கூடாதுன்னு தான் சொல்லுவேன், மூணு ஆஸ கீழ வெக்கறப்ப வட்டமே வாய தொறந்து பாக்கும், அந்த எடத்துக்கு வேற கை வராது.

வரிசையா வர்ற கைகளுக்குள்ள ஆஸு, ராஜா, ராணி மொதல் எடம், ஆஸு, 2, 3 ரெண்டாவது எடம், அதுக்கப்புறம் தான் ராஜா, ராணி, ஜாக்கி. பிராக்குல ஆஸு, 2, 3 தான் மொதல் எடம், 3, 3, 3 தான் பெரிய பிரையல். சில வட்டத்துல ஆஸு, 2, 3ஐ கடைசில தள்ளிடுவாங்க. இத மட்டும் சீட்ட கலைக்கறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுடணும், காசு நடுவுல சேந்தப்புறம் பேசுனா கை கலப்பு தான்.

ஆஸுன்னு சொன்னதால ஒண்ணு சொல்லணும். இங்கிலீஷ்ல அது ஏஸ். போர்ச்சுகீஸ்லயும் டச்சுலயும் ஆஸ், நம்ம வாயிலயும் ஆஸ். கிளாவருக்கு இங்கிலீஷ்ல கிளப், டச்சுல கிளாவர். ஆட்டினுக்கு இங்கிலீஷ்ல ஹார்ட், டச்சுல ஹார்ட்டன். இஸ்பேடு போர்ச்சுகீஸ்ல எஸ்பாடாஸ். எண்ணூரத் தாண்டி வடக்கால போனா பழவேற்காடு, அங்க டச்சுக்காரன் 1613ல கோட்ட கட்டுனான், மெட்ராஸ்ல வெள்ளக்காரன் கோட்ட கட்ட ஆரம்பிக்கறதுக்கு 20 வருசத்துக்கு மேல முன்னாடி. இந்த பக்கம் சாந்தோம்ல அதுக்கும் முன்னாடி போர்ச்சுகீஸ்காரன். சீட்டுக்கட்டு இங்கிலீஷ்காரன் மூலமா மட்டும் வந்திருந்தா நாம கிளப்பு, ஹார்ட்டுன்னு தான் சொல்லியிருப்போம். சௌகார்பேட்டைல இஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவருக்கு ஹுக்கும், பான், ஈண்ட், சிடின்னு பேரு, ஆஸு அங்க எக்கா, ஜாக்கி குலாம். ஒரே கட்டு, ஒரு தெரு தாண்டுனா பேரெல்லாம் மாறிடுது.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, ரம்மி பத்தின செகந்திராபாத் கிளப் வழக்குல, 1968 சத்தியநாராயணா வழக்குன்னு சொல்லுவாங்க, சுப்ரீம் கோர்ட்டு ரம்மில திறமை அதிகம், எந்த சீட்டு விழுந்துச்சுன்னு ஞாபகம் வெச்சு எதை எடுக்கறது எதை எறக்கறதுன்னு யோசிச்சு சேக்கணும்னு சொல்லுச்சு, அதே மூச்சுல ஃப்ளஷ், பிராக்னு பல பேர்ல ஆடற மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம்னும் சொல்லிடுச்சு. பந்தயம் கட்டறதுல ஆளப் படிக்கற திறமை இருக்குன்னு ஆடறவங்க சொல்லுவாங்க, அது நெஜம் தான், ஆனா கைக்கு வந்த மூணு சீட்ட கடைசி வரைக்கும் மாத்த முடியாது, கோர்ட்டு பாத்தது அத. அதனால சென்னைல காசு வெச்சு இத ஆடுனா 1888 காவல் சட்டத்துல சூதாட்டம் தான். செல்போன்ல காசு கட்டி ஆடறதுக்கு 2025ல மத்திய அரசே தடை சட்டம் போட்டாச்சு. புளியங்கொட்ட வெச்சு ஆடுனா யாரும் கேக்க மாட்டாங்க, ஆட்டம் அப்பவும் நல்லாத்தான் இருக்கும்.

தமிழ்ல எழுதறவங்களுக்கு நான் சொல்றது இது. தெருவோரத்துல நடக்கறத மூணு சீட்டு மோசடின்னு முழுசா எழுதுங்க, மோசடிங்கற சொல்ல விடாதீங்க. விளையாடறத மூணு சீட்டு ஆட்டம்னு எழுதுங்க. கைகளுக்கு மும்மை, சுத்த வரிசை, கலப்பு வரிசை, ஓரினம், ஜோடி, மேல்சீட்டுன்னு வெச்சா படிக்கறவங்களுக்கு விளக்கம் தேவப்படாது, கலருக்கு ஓரினம் வர்றதால அந்த கருப்பு செவப்பு சண்டயும் போயிடும். பிளைண்டுக்கு பாக்காத ஆட்டம், சீனுக்கு பாத்த ஆட்டம். பூட்டுக்கு பழைய சொல்லு பணயம் இருக்கு. சைடு ஷோன்னு ஒண்ணு இருக்கு, பாத்து ஆடறவன் தனக்கு முந்தி பாத்து ஆடுனவன்கிட்ட ரகசியமா சீட்ட ஒப்பிட்டுப் பாக்க கேக்கலாம், அவன் ஒத்துக்கலாம் ஒத்துக்காமயும் போகலாம், ஒத்துக்கிட்டா சின்ன கை வெளியேறணும், சமமா இருந்தா கேட்டவன் வெளியேறணும். இதுக்கு ஒப்புப்பார்வைன்னு எழுதறேன் நான். கடைசி ரெண்டு பேரு மிஞ்சறப்ப காசு கட்டி சீட்ட தொறக்க சொல்றது ஷோ, அதுக்கு காட்டுங்கற நம்ம சொல்லே இருக்கு, "காட்டு"ன்னு தான் காசிமேட்டுல கேக்கறாங்க, அங்கயும் கை சமமா வந்தா கேட்டவன் தான் தோத்தவன்.