திரையில் தெரியும் குறி: துப்பாக்கிமேல் ஏறிய கேமரா

ஆவடியில் உருவாகும் அர்ஜுன் டாங்கியின் பீரங்கி வீரர், இருட்டில் இலக்கைத் தம் கண்ணால் பார்த்துச் சுடுவதில்லை. வெப்பக் கேமரா எடுத்துத் தரும் படத்தைப் பார்த்தே குறி வைக்கிறார். ஒரு காலத்தில் டாங்கி, போர்க்கப்பல் போன்ற பெரிய ஊர்திகளில் மட்டுமே இடம் பிடித்த இந்த ஏற்பாடு, இன்று கைத்துப்பாக்கியை விடச் சற்றே பெரிய ஒரு பெட்டிக்குள் அடங்கி ரைஃபிளின் மேல் ஏறிவிட்டது. முன்னால் ஒரு வில்லை, அதன் பின்னே உணரி, உள்ளே சிறு கணினி, கண்ணை வைக்கும் இடத்தில் நகத்தளவே உள்ள ஒரு திரை: உறுப்புகள் இவ்வளவுதான்.

பகலில் பயன்படும் வழக்கமான குறிநோக்கிகளில் இலக்கிலிருந்து வரும் ஒளியே கண்ணை வந்தடைந்தது. டப்ளின் நகரில் தொலைநோக்கிகள் செய்துவந்த ஹோவர்ட் கிரப் 1900இல் வடிவமைத்த பிரதிபலிப்புக் குறிநோக்கியும் அப்படித்தான்; கண்ணாடியில் ஒளிரும் குறி ஒன்றை அது காட்சியின் மேல் சேர்த்துக் காட்டியது, அவ்வளவே. கேமரா வந்தபின் அந்த நேரடித் தொடர்பு அறுந்துவிட்டது. சுடுபவர் காண்பது இலக்கை அல்ல, எண்களாக மாற்றப்பட்டு மீண்டும் ஒளியாக்கப்பட்ட ஒரு படத்தை. இக்கருவியின் வலிமையும் குறைபாடும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

மனித உடலின் வெப்பநிலையில் உள்ள எந்தப் பொருளும் சுமார் 9 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் மிகுதியான அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. சாதாரணக் கண்ணாடி இக்கதிரை உள்ளே விடாது என்பதால் வில்லையை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். நம் கண்ணுக்கு உலோகத் தகடு போலத் தோன்றும் அந்த வில்லைக்குப் பின்னால், வெற்றிடத்தில், மெல்லிய கால்களின் மேல் நிற்கும் ஆயிரக்கணக்கான நுண்ணிய ஏடுகள் உள்ளன; இவை சேர்ந்ததே உணரி, ஓர் ஏடு படத்தின் ஒரு புள்ளி. அவற்றின் மேல் பூசப்பட்ட வனேடியம் ஆக்சைடின் மின்தடை, ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 2 சதவீதம் குறையும். இலக்கின் வெப்பத்தில் ஏட்டை வந்து சேர்வது மிகச் சிறிய பங்கே என்பதால், கருவியின் சொந்தச் சூடே படத்தைக் கெடுத்துவிடக்கூடும். அதனால்தான் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளே ஒரு மூடி ‘டிக்’ என்று விழுந்து எழுகிறது. ஒரே சீரான வெப்பமுள்ள அந்த மூடியைப் பார்த்து எல்லா ஏடுகளும் சமன் செய்யப்படும் வரை திரையில் படம் கணநேரம் உறைந்து நிற்கும்.

இனி, இலக்கின் மேல் பொருத்திக் குறி வைக்க உதவும் குறுக்குக்கோடு. அது எந்தக் கண்ணாடியிலும் கீறப்பட்டதல்ல. படத்தின் எந்தப் புள்ளியில் வரைய வேண்டும் என்று நினைவகத்தில் எழுதப்பட்ட இரண்டு எண்கள். உணரியின் ஒவ்வொரு புள்ளியும் 12 மைக்ரோமீட்டர், வில்லையின் குவியத் தொலைவு 35 மில்லிமீட்டர் என்று கொண்டால், 100 மீட்டரில் ஒரு புள்ளி ஏறத்தாழ 3.4 சென்டிமீட்டரைக் குறிக்கும். ஜீரோ செய்யும்போது, அதாவது குறியையும் குண்டு படும் இடத்தையும் ஒன்றாக்கும்போது, குண்டுகள் 10 சென்டிமீட்டர் தாழ்வாகப் பட்டால், திருகைத் திருப்புவதற்குப் பதிலாகக் குறுக்குக்கோட்டை மூன்று புள்ளிகள் கீழிறக்குகிறார்கள். குறியும் காட்சியும் ஒரே திரையில் இருப்பதால், கண் சற்று விலகினாலும் ஒன்றைவிட்டு மற்றொன்று நகர்வதில்லை. பழைய தொலைநோக்கிகளில் பெருந்தொல்லையாக இருந்த இடமாறு பிழை இங்கே மறைகிறது. ஆனால் அந்த இரண்டு எண்களுக்குப் பொருள் இருப்பது, குழலும் கேமராவும் ஒன்றுக்கொன்று அசையாதவரைதான். கேமராவைத் துப்பாக்கியோடு இணைக்கும் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள தாங்கியின் ஒரு முனை 0.034 மில்லிமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் சுமார் பாதி, உயர்ந்தாலே குறி ஒரு புள்ளி பிசகிவிடும். ஒவ்வொரு வெடிப்பின் உதையையும் தாங்கி நிற்கும் அந்தத் தாங்கிக்கு உணரிக்குத் தரும் அதே மதிப்பைத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 300 மீட்டரைக் கடப்பதற்குள் முக்கால் மீட்டருக்கு மேல் கீழிறங்கிவிடும். லேசர் தொலைவுமானி தரும் அளவைக் கொண்டு கணினி அதற்கேற்பக் குறுக்குக்கோட்டைத் தாழ்த்திக் காட்டுகிறது. எந்தக் கணினியாலும் முற்றிலும் போக்க முடியாதது தாமதம். நொடிக்கு 50 படங்கள் எடுக்கும் கருவியில் மூன்று படங்களின் நேரம் செயலாக்கத்தில் கழிந்தால் 60 மில்லிநொடி. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே செல்லும் வண்டி அதற்குள் 60 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும்.

படத்தைக் கம்பி வழியாகத் தலைக்கவசத் திரைக்கும் அனுப்பலாம். சுவரின் மறைவில் நின்றபடி துப்பாக்கியை மட்டும் வெளியே நீட்டிக் குறி பார்ப்பது இதனால் எளிதாகிறது.

சென்னையில் சிக்கல் மணலிலும் காற்றிலும் இருக்கிறது. கத்திரி வெயிலில் மெரினா மணல் மனிதத் தோலைவிடச் சூடாக இருப்பதால், சூடான பொருளை வெண்மையாகக் காட்டும் திரையில் ஆள் கருமையாகத் தெரிவார். மாலையில் மணல் குளிர்ந்துவரும்போது இரண்டும் சமமாகும் ஒரு பொழுதில் உருவம் பின்னணியோடு கரைந்துவிடும். இதைவிடப் பெரிய தடை நீராவி. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள இரவில் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும்; லடாக்கில் உறைநிலையில் உள்ள காற்று முழுதும் நிறைந்தாலும் 5 கிராமைத் தாண்டாது. அந்த நீராவி இலக்கின் கதிரை வழியிலேயே உறிஞ்சுவதோடு தானும் கதிர் வீசுவதால், தொலைவு கூடக் கூடப் படம் மங்குகிறது. ஈரக் காற்றில் நெடுந்தொலைவைக் காண 3 முதல் 5 மைக்ரோமீட்டர் அலைநீளம் ஏற்றது. எனினும் அவ்வகை உணரிகள் பலவற்றை மைனஸ் 196 டிகிரியை ஒட்டிக் குளிர்விக்க வேண்டியிருப்பதால், கப்பலுக்குப் பொருந்தும் அந்தக் குளிர்விப்பான் தோளில் சுமக்கும் ரைஃபிளுக்கு எடையாலும் மின்கலத்தாலும் பொருந்துவதில்லை. எனவே நம் கடற்கரையில் பயன்படப்போகும் கருவியை, உலர்ந்த காற்றுக்குக் கணக்கிட்டு அச்சிடப்பட்ட தொலைவை நம்பி ஏற்காமல், எண்ணூரிலோ கோவளத்திலோ புழுக்கமான ஓர் இரவில் சோதித்த பிறகே ஏற்க வேண்டும்.